பிந்திய திருத்தம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், 2005 சனவரியில், தொண்டு செய்யப் புறப்பட்ட கிறிஸ்தவ மாணவர் குழு ஒன்றுடன் திருகோணமலை சென்றேன். அன்புவழிபுரத்தில் ஒரு சைவ மூதாட்டியின் வீட்டில் தங்கினோம். விடியலில் செபம், பின்னர் கரையோரக் கிராமங்களுக்குப் பயணம். செய்தி சேகரிக்கப் போன என் கையிலும் வாளியைத் தந்தார்கள். உப்பேறிய கிணறுகளை நாள்தோறும் இறைத்தோம்.

"பிள்ளையள், கிணத்தைத் திரும்பத் திரும்ப இறைக்காதேங்கோ. மழை கழுவும்" என்றார் அம்மூதாட்டி. புன்னகைத்து நகர்ந்தோம். மாணவர் கரங்களால் கிணறுகள் தூய்மை பெற்றன என்று நான் எழுதிய கட்டுரை பாராட்டுப் பெற்றது.

கடலோர மணலடியில் உவர்நீரின் மேல் நன்னீர் ஒரு படையாக மிதக்கிறது. மிகுதியாக இறைத்தால் உவர்நீர் மேலேறிவிடும். கிழக்கிலங்கைக் கிணறுகளை ஆராய்ந்தோரும் பின்னர் இதையே சொன்னார்கள்: சேற்றை அகற்ற இறைப்பது சரி, ஓயாமல் இறைப்பது கேடு, மழையே மருந்து.

அம்மாணவர்களின் அன்பில் குறையில்லை. ஆனால் அவ்வூராரிடம் கேட்டறிவது என் தொழில். அதில் நான் தவறினேன். அன்று வெளியிடாத திருத்தத்தை இன்று இங்கே வெளியிடுகிறேன்.