ஒரு சொல்லும் பல பொருளும்

தலைநகர் தில்லியில் வாழும் நம் வீடுகளில் தமிழ் பேச்சாக நிலைத்திருக்கிறது. எழுத்தாக நிலைப்பது அரிது. இதனை உணர்ந்தவர் என் தாயார். இங்கேயே பிறந்து வளர்ந்த பேத்திக்காக, நினைவில் எழுந்த சொற்களையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் பொருளுடன் எழுதி வந்தார். அகரவரிசை பார்க்கவில்லை, அடுக்களையில் தோன்றிய சொல் ஒரு பக்கம், கோயிலில் தோன்றிய சொல் மறுபக்கம். அவர் மறைந்தபின் அந்தக் குறிப்பேடு என் கைக்கு வந்தது.

அதனைக் கணிப்பொறியில் ஏற்ற முற்பட்டேன். வரிக்கு ஒரு சொல், சொல்லின்பின் முக்காற்புள்ளி, அதன்பின் பொருள். இவ்வாறு எளிய உரைக்கோப்பு ஒன்று உருவாயிற்று. பொறியியல் பயிலும் என் மகள், அக்கோப்பைப் படிக்கப் பைத்தான் மொழியில் பத்து வரி நிரல் எழுதித் தந்தாள். நிரல் கோப்பைத் திறக்கும்; வரிவரியாகப் படிக்கும்; வெற்று வரியைத் தள்ளும்; முதல் முக்காற்புள்ளியில் வரியை இரண்டாகப் பிரித்து, சொல்லைத் திறவுகோலாகவும் பொருளை அதற்குரிய மதிப்பாகவும் சேர்த்து வைக்கும். அவ்வாறு சேர்த்து வைக்கும் அமைப்புக்குப் பைத்தானில் பெயரே ‘டிக்சனரி’, அதாவது அகராதி, என்பதறிந்து மகிழ்ந்தேன்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. நான் எழுதிய வரிகள் 412. அகராதியில் சேர்ந்த சொற்கள் 389. பிழைச்செய்தி ஏதுமில்லை. எஞ்சிய 23 எங்கே போயின?

இரவு நெடுநேரம் கோப்பையும் குறிப்பேட்டையும் ஒப்பிட்டோம். ‘படி’ என்ற சொல்லில் காரணம் வெளிப்பட்டது. தாயார் அதனை மூன்று இடங்களில் எழுதியிருந்தார். முதலில், நெல் அளக்கும் கருவி என்று. பிறகு, ‘நீ நாள்தோறும் செய்யவேண்டியது’ என்று. இறுதியில், வாசலில் ஏறுவதற்கு இட்ட கல் என்று. பைத்தானின் அகராதியில் ஒரு திறவுகோலுக்கு ஓர் இடமே உண்டு. அதே சொல் மீண்டும் வந்தால் பழைய பொருளை நீக்கிப் புதியதை வைத்துக்கொள்ளும். நமக்கு அறிவிப்பதும் இல்லை. வாசற்படி மட்டும் எஞ்சியிருந்தது. பேத்திக்கென்று பாட்டி எழுதிய பொருள் அழிந்து போயிருந்தது.

“நிரல்மேல் தவறில்லை, அப்பா. நான் சொன்னதைத்தான் அது செய்திருக்கிறது” என்றாள் மகள். பின்னர்த் தானே திருத்தினாள். சொல்லுக்கு ஒரு பொருள் என்றிருந்ததை, சொல்லுக்கு ஒரு பட்டியல் என்று மாற்றினாள். சொல் முன்பே இருந்தால், புதிய பொருள் பட்டியலின் ஈற்றில் சேரும். மாற்றியவை இரண்டொரு வரிகளே. 412 பொருளும் திரும்பக் கிடைத்தன.

1732இல் சதுரகராதி தந்த வீரமாமுனிவரும், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ்ப் பேரகராதியை வெளியிட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தாரும் ஒரு சொல்லின்கீழ்ப் பல பொருளை ஒருங்கே நிறுத்தியதன் அருமை அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

வேற்றுமொழி சூழ்ந்த ஊரில் நம் பிள்ளைகள் நாள்தோறும் புதியவற்றைக் கற்கின்றனர், கற்கவே வேண்டும். புதியது வரும்போது பழையது அழியாமல் இருக்க, அதனருகே ஓர் இடம் ஒதுக்கினால் போதும். அந்த இடத்தை ஒதுக்குவது பெற்றோராகிய நம் கடமை.

அன்று முதல் என் மகள் அந்தக் குறிப்பேட்டில் நாளுக்கு ஒரு பக்கம் படிக்கிறாள்.