நீர்க்காத்தான் குட்டிக்குத் தொட்டி எதற்கு?

ஐப்பசி 9, விருத்தாசலம்

வட அமெரிக்காவில் கார்ட்டர் பாம்பைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது பழைய வழக்கம். முதுகில் நீளவாக்கில் பெரும்பாலும் மூன்று வெளிர்கோடுகள், பகல் நடமாட்டம், மண்புழுவோ மீனோ கொடுத்தால் போதும், முட்டையிடாமல் குட்டி போடும். அதே துணைக்குடும்பத்தைச் சேர்ந்த நீர்க்காத்தான் குட்டி என்ற பாம்பு நம் வயல்களில் இருக்கிறது. இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் ஒரே நூலில் இரண்டையும் விவரித்திருக்கிறார். மணிமுத்தாற்றங்கரை நெல்வயலும், களிமண் வெட்டிய பள்ளத்தில் தேங்கும் மழைநீரும் தவளையைக் கூட்டும். தவளை இருந்தால் இதுவும் வரும். உறவு இவ்வளவு நெருக்கம் என்பதால் இதையும் வளர்க்கலாமே என்ற ஆசை இயல்பானது. ஆனால் இந்தப் பாம்புக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உபகாரம், பார்த்ததும் இன்னதென்று சொல்லத் தெரிந்துகொள்வதுதான் என்று நினைக்கிறேன். மனிதர் கையில் இது சாவது பெரும்பாலும் ஆள்மாறாட்டத்தால். பழுப்பு முதுகின் இரு பக்கமும் வெளிர்மஞ்சள் கோடு வால்வரை ஓடும். முன்பாதியில் கறுப்புக் குறுக்குப் பட்டைகள் அவற்றை வெட்டும். செதில் நடுவே மேடு இருப்பதால் உடல் மினுமினுக்காது. மிரண்டால் கழுத்தைத் தட்டையாக்கும். அதை நல்ல பாம்பின் படமென்று நினைத்துத் தடி எடுப்பார்கள். அதன் பெரிய உறவான தண்ணிப் பாம்புக்கும் இதே கதிதான். அதற்குக் கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்புச் சாய்கோடுகள் உண்டு. அவை நல்ல பாம்புக்குக் கிடையாது.

ஐப்பசி 11

கூடவே வைத்துப் பழகினால்தானே பயம் போகும், அறிவு வளரும் என்பார்கள். அப்படியானால் பாம்பைத் தொழிலாகவே கொண்ட இருளர்களைப் பார்க்க வேண்டும். 1978இல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கும் அவர்களது கூட்டுறவுச் சங்கம், நஞ்சுமுறி மருந்துக்காகப் பிடிக்கும் பாம்புகளைக் கொஞ்ச நாள் பானையில் வைத்து நஞ்செடுத்து, திரும்பவும் காட்டில் விட்டுவிடுகிறது. அவர்களுடைய அறிவு தடம் பார்த்து, வளை பார்த்து வந்தது, தொட்டி தந்ததில்லை. தீனிக் கணக்கும் இடிக்கிறது: நீர்க்காத்தான் குட்டிக்குத் தவளைதான் முக்கிய உணவு. ஒரு தொட்டியை நடத்த வயலிலிருந்து தவளைகளைத் தொடர்ந்து பிடித்தாக வேண்டும். நம் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைப்பதை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அனுமதிப்பதில்லை.

ஐப்பசி 12

என் யோசனைக்கு இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அரைகுறையாக அடையாளம் தெரிந்தவர் துணிந்து தொட்டுவிட்டால்? நியாயமான அச்சம். இதே துணைக்குடும்பத்தில் ஜப்பானின் யமகாகசி நெடுங்காலம் தீங்கற்றதாகக் கருதப்பட்டது. பிறகுதான் அதன் கடியால் மனிதர்கள் இறந்தது பதிவானது. நஞ்சுள்ள கட்டுவிரியனுக்கு வெள்ளைப் பட்டை குறுக்கே இருக்கும், இரவில்தான் திரியும் என்பதெல்லாம் சரி. ஆனாலும் ஒரே ஒரு அடையாளத்தை நம்பி முடிவுகட்டக் கூடாது. ஆகவே நான் சொல்லும் அடையாளம் காணல், தடியைக் கீழே போடுவதற்கானது. கையை நீட்டுவதற்கு அல்ல. நாலு முழம் தள்ளி நின்று கோட்டையும் கண்ணையும் பார்த்தால் போதும், வழிவிட்டால் அது தானே நீரில் இறங்கிவிடும். நம் ஊர்ப் பீங்கான் பட்டறைகளில் களிமண் மூட்டையும் விறகும் அடுக்கும் இடத்தில், தண்ணிப் பாம்பு, நீர்க்காத்தான் குட்டி, நல்ல பாம்பு, கட்டுவிரியன் நாலையும் அருகருகே காட்டும் படம் ஒன்றை ஒட்டி வைக்கலாம். எந்தப் பாம்பு கடித்தாலும் பெயர் தேடிக்கொண்டிராமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற வரி அதன் தலைப்பிலேயே இருக்க வேண்டும்.