சாத்தாரவீதியில் மெக்சிகோ

பூக்கடையில் கேட்கப்படும் கேள்விகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. மல்லி சாயங்காலம் வரைக்கும் மொட்டாகவே நிற்குமா? மாலையை ஃப்ரிஜ்ஜில் வைக்கலாமா, ஈரத்துணியில் சுற்றினால் போதுமா? கனகாம்பரத்துக்கு ஏன் வாசமே இல்லை? வியாபாரிகளிடம் இவற்றுக்கெல்லாம் பதில் தயாராக இருக்கும். ஸ்ரீரங்கம் சாத்தாரவீதிப் பூச்சந்தையில் ஒரு கேள்விக்கு மட்டும் அடுத்தடுத்த இரண்டு கடைகளில் இரண்டு விதமான பதில் கிடைத்தது. துலுக்க சாமந்தி சாமிக்கு ஆகுமா?

முதல் கடைக்காரர், "தாராளமா ஆகும்" என்றார். பக்கத்துக் கடை அம்மா முகத்தைச் சுளித்தார். "மாலையில வெச்சுக் கட்டலாம் தம்பி, அர்ச்சனைக்கு வேணாம். அது நம்ம பூ இல்ல." சொல்லிக்கொண்டே அவர் கை ஒரு சம்பங்கி மாலையை முடிந்துகொண்டிருந்தது. அப்படியானால் எது நம்ம பூ? கேட்டேன். கேட்டதுதான் தாமதம், "இதோ, இதெல்லாம்தான்" என்று கையிலிருந்த மாலையையே தூக்கிக் காட்டினார்.

அந்த மாலையிலிருந்துதான் என் தேடல் ஆரம்பித்தது.

துலுக்க சாமந்தி வெளியூர்ப் பூ என்பதில் அந்த அம்மாவோடு சண்டை போட வழியில்லை. செண்டுமல்லி, கேந்தி என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் அதன் தாயகம் மெக்சிகோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்காவும்தான். அங்கே நவம்பர் முதல் இரண்டு நாட்கள் இறந்தோரை நினைக்கும் பண்டிகை. செம்பசூசில் என்று அவர்கள் அழைக்கும் இதே பூவின் இதழ்களைக் கல்லறையிலிருந்து வீட்டுப் படையல் வரை தூவி வைக்கிறார்கள். வாசனையையும் நிறத்தையும் பிடித்துக்கொண்டு முன்னோர் வழி தவறாமல் வந்து சேர்வார்களாம். 1552இல் மெக்சிகோ நகரத்தில், மார்ட்டின் தெ லா குரூஸ் என்ற உள்ளூர் வைத்தியர் சொல்ல, ஹுவான் பதியானோ லத்தீனில் எழுதிய மூலிகைச் சுவடி ஒன்று உண்டு. அதில் இந்தப் பூ மருந்தாக வருகிறது. நெடுங்காலம் வாட்டிகனில் இருந்த அந்தச் சுவடி 1990இல்தான் மெக்சிகோவுக்குத் திரும்பியது.

வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பியர்களுக்கே இந்தப் பூவின் ஊர் தெரியாமல் போனது. 1542இல் ஜெர்மானிய மருத்துவர் லியோனார்ட் ஃபுக்ஸ் வெளியிட்ட தாவர நூலிலேயே இந்த இனத்தின் படம் வந்துவிட்டது. ஆனாலும் பெரிய பூவுக்கு ஆப்பிரிக்க மேரிகோல்டு, சிறிய பூவுக்கு பிரெஞ்சு மேரிகோல்டு என்று பெயர் சூட்டி, இன்றுவரை விதைப் பொட்டலங்களில் அப்படியே அச்சடிக்கிறார்கள். இரண்டுக்கும் ஆப்பிரிக்காவோடும் பிரான்சோடும் ஒரு பூர்வீகமும் கிடையாது. வெளியிலிருந்து வந்ததை நாம் சீமை என்போம், துலுக்க என்போம். அவர்கள் ஆப்பிரிக்க என்றிருக்கிறார்கள். எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரன் மேல் கையைக் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த அம்மா கையிலிருந்த சம்பங்கிதான் என்னை அதிகம் சுற்றவைத்தது.

சங்க இலக்கியம் படித்த நண்பர் ஒருவர், "சம்பங்கி குறிஞ்சிப்பாட்டிலேயே இருக்கிறதே" என்றார். கபிலர் அந்தப் பாட்டில் 99 பூக்களை வரிசையாக அடுக்குகிறார். தமிழில் பூக்களைத் தேடுகிற யாரும் அந்த வாசலைத் தாண்டாமல் போக முடியாது. அதற்கும் ஒரு தேடல் கதை உண்டு. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்தபோது, கிடைத்த ஏடுகளில் இந்தப் பூ வரிசையில் சில பெயர்கள் விடுபட்டிருந்தன. ஊர் ஊராக அலைந்தார். தருமபுரம் ஆதீனத்து ஏடுகளில்தான் அந்தப் பெயர்கள் அகப்பட்டன. 1889இல் நூல் வெளிவந்தது. அந்த அனுபவத்தைப் பின்னாளில் ‘உதிர்ந்த மலர்கள்’ என்று ஒரு கட்டுரையாகவே எழுதினார். ஒரு பூவின் பெயர் காணவில்லை என்று ஒரு மனிதர் இவ்வளவு தவித்திருக்கிறார் என்பதை நினைத்தால், பூக்கடையில் நின்று கேள்வி கேட்பதற்கு எனக்குக் கூச்சம் விட்டுப்போகிறது.

நண்பர் சொன்னது அந்த வரிசையில் வருகிற சண்பகத்தை. அது மரத்தில் பூப்பது, பொன்னிறம், கடைகளில் அரிதாக இரண்டு மூன்றாகக் கிடைப்பது. மாலைக்கு வருகிற சம்பங்கியோ மண்ணுக்குள் கிழங்கு வைத்து, புல்போல இலை விட்டு, நெட்டைத் தண்டில் வெள்ளை வெள்ளையாக மொட்டு பிடிப்பது. வாசத்தில் மயங்கி மரத்தின் பெயரைக் கிழங்குக்குக் கொடுத்துவிட்டார்கள். நிலச்சம்பங்கி என்று விவரமாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் கிழங்கும் மெக்சிகோதான். ஸ்பானியர் போய் இறங்குவதற்கு முன்பே அங்குள்ளவர்கள் தோட்டத்தில் வைத்து வளர்த்திருக்கிறார்கள். காட்டில் தானாக முளைத்த செடியை யாரும் பார்த்ததில்லை என்கிற அளவுக்கு அது மனிதர் கைப்பட்ட செடி. தாவரவியலாளர்கள் இப்போது இதைக் கற்றாழைபோல் இருக்கும் அகேவ் இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஐரோப்பாவுக்கு 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழங்கு போய்ச் சேர்ந்தபோது, இது இந்தியாவிலிருந்து வந்த பூ என்று அங்கே நம்பினார்கள். அந்தக் காலத்துக் கடல்வழிகளை நினைத்தால் அந்தக் குழப்பம் புரியும். ஒரு பக்கம் லிஸ்பனிலிருந்து கோவாவுக்குப் போர்த்துக்கீசியக் கப்பல்கள்; மறுபக்கம் 1565 முதல் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள். மிளகாயும் முந்திரியும் கொய்யாவும் அன்னாசியும் நம்மிடம் வந்து சேர்ந்தது அந்தக் காலத்துக் கடல் வணிகத்தில்தான். பூவும் கூட வந்திருக்கிறது.

இதற்கு உள்ளூர்ச் சாட்சி வேண்டுமென்றால் சத்தியமங்கலம் பக்கம் போகலாம். சம்பங்கித் தோட்டத்தில் என்ன ரகம் என்று கேட்டால், "பிரஜ்வல்" என்று சட்டென்று பதில் வரும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கலப்பு ரகம் அது. அதன் பெற்றோரில் ஒன்று சிருங்கார். இன்னொன்றின் பெயர் மெக்சிகன் சிங்கிள். வம்சாவளியைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் தூக்கிக்கொண்டு மறுபடி சாத்தாரவீதிக்குப் போனேன். இந்த முறை அந்த அம்மாவிடம் போகவில்லை. பெருமாள் கோயில்களுக்கும் கல்யாணங்களுக்கும் மாலை கட்டுகிற ஒரு பெரியவரிடம் போய் உட்கார்ந்தேன். சம்பங்கி மெக்சிகோப் பூ என்று சொன்னதற்கு அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எந்த ஊரா வேணா இருக்கட்டும். ஊசி ஏறுதா, எடை தாங்குதா, மூணு நாளைக்குக் கறுக்காம இருக்கா, அதைச் சொல்லுங்க" என்றார்.

பிறகு அவரே விளக்கினார். மல்லியை மாலையாகப் போட்டால் கோயில் வெப்பத்தில் ஒரே இரவில் பழுத்துவிடும். முல்லை இன்னும் மோசம். தாமரைக்குக் கனம் அதிகம், இதழ் தனித்தனியாகக் கழன்று வரும். சம்பங்கி மொட்டுக்குக் குழல்போல உடம்பு. நடுவில் ஊசி போகும், நெருக்கி அடுக்கினால் ஒன்றின் தலை இன்னொன்றை மூடிக்கொள்ளும், நார் வெளியே தெரியாது. கிழங்கு ஒருமுறை ஊன்றினால் மூன்று வருஷம் காய்ப்பு நிற்காது, அதாவது பூப்பு நிற்காது, ஆகையால் வரத்தும் குறையாது. செண்டுமல்லியும் அப்படித்தான்: கொஞ்சம் பூவிலேயே மாலை தடித்துத் தெரியும், மலிவு, வண்டியில் மூட்டையாக ஏற்றினாலும் நசுங்காது. ஆளுயர மாலை வேண்டும் என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தால், அதற்கு உடம்பு கொடுக்கிற பூ வேண்டும். நம் பழைய பூக்களில் அப்படி உடம்புள்ளவை குறைவு. அரளி விதிவிலக்கு. தோவாளையில் அரளியை மடித்து நொச்சி இலையோடு பின்னி, பாய்போல் தட்டையாகக் கட்டும் மாணிக்கமாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆகமம், புராணம், புட்பவிதி என்று நான் புத்தகங்களில் தேடிக்கொண்டிருந்த அனுமதியை, இந்தப் பூக்களுக்குக் கொடுத்தது ஊசியும் நாரும் பிடித்த கைகள்தான் என்று எனக்கு அப்போது தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி போகிறதே, அதில் துளசியோடு செவ்வந்தியும் சம்பங்கியும் இருக்கின்றன. ஆண்டாள் காலத்தில் கடலுக்கு இந்தப் பக்கம் சம்பங்கி என்று ஒரு கிழங்கே இல்லை. யாரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

செவ்வந்தி விஷயத்தில் புராணமே முந்திக்கொண்டது. அது பண்டைக்காலம் தொட்டுச் சீனர் பேணி வளர்த்த பூ. இங்கே திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றே ஒரு பெயர். சாரமா முனிவர் செவ்வந்திக் கன்றை நாகலோகத்திலிருந்து கொண்டுவந்து நந்தவனம் வைத்தார் என்பது தலபுராணம். அந்தப் பூவை அரண்மனைக்காகத் திருடியதைக் கேட்க நாதியில்லாமல் போக, ஈசனே உறையூர் மேல் மண்மாரி பொழிந்தார் என்று கதை போகிறது. எனக்குப் பிடித்த இடம், பூ எங்கிருந்தோ வந்தது என்பதைக் கதை மறைக்காமல் சொல்வதுதான்.

என் வாதத்துக்கு மடங்காத பூ ஒன்றும் உண்டு: நாகலிங்கம். நடுவில் லிங்கம், மேலே குடைபிடிக்கும் நாகம் என்று கண்ணால் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். சிவன் கோயில்தோறும் மரம் வளர்க்கிறோம். அதன் தாயகம் தென் அமெரிக்கக் காடுகள். மாலைக்கு அது உதவவே உதவாது. உருவத்தைக் காட்டியே உள்ளே வந்துவிட்டது.

இதற்கு நேர்மாறு கனகாம்பரம். தென்னிந்தியாவும் இலங்கையும் அதற்குச் சொந்த மண். நம்ம பூ என்று எந்தச் சபையிலும் சத்தியம் செய்யலாம். ஆனால் "வாசம் இல்லாதது சாமிக்கு வேணாம்" என்று பல வீடுகளில் ஒதுக்கிவிடுகிறார்கள். தலையில் வைக்கவும் கதம்பத்தில் நிறம் கூட்டவும்தான் அது. வாசமில்லாததற்குக் காரணம் இருக்கிறது. மல்லியும் சம்பங்கியும் இருட்டில் அந்துப்பூச்சியை அழைக்க வேண்டிய வெள்ளைப் பூக்கள், அழைப்புக்கு வாசம் தேவை. பகலில் வண்ணத்துப்பூச்சி தேடி வருகிற செம்மஞ்சள் பூவுக்கு நிறமே போதும்.

பெரியவர் கடையில் இப்போது புது விருந்தாளிகள் வந்து பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஓசூர்ப் பசுமைக்குடில்களிலிருந்து கார்னேஷனும் ஜெர்பராவும், தாய்லாந்திலிருந்து பெட்டியில் ஆர்க்கிட்டும். ஜெர்பராவை அவர் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்: "கழுத்து நிக்காது." மேடைக்கும் கல்யாணக் காருக்கும் அனுப்பிவிடுகிறாராம். ஆர்க்கிட் இதழைப் பிரித்து ஊசியில் ஏற்றி மாப்பிள்ளை மாலைக்குக் கரை கட்டிப் பார்த்திருக்கிறார், நன்றாக நின்றதாம். கோயிலுக்கு? "இன்னும் யாரும் கேக்கல. கேட்டா கட்டிக் குடுப்பேன்" என்றார். அதற்குள் கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் வந்துவிட, எனக்கு இடத்தைக் காலி செய்ய வேண்டியதாயிற்று.