கொண்டு வந்தவன் கொண்டு போகணும்

மீன் பிடிக்கிறது தப்புன்னு சொல்ல இதை எழுதல. முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா லீவுக்கு ஊருக்குப் போனா தூண்டிலும் கையுமா ஆத்துல உட்கார்ற ஆளுங்க நம்ம ஹாஸ்டல்லயே நாலு பேராவது இருக்கீங்க. நானும் அதுல ஒருத்தன். கத்துக்கொடுத்தது எங்க மாமா. ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியத்துல ஓடிப்போச்சு. தக்கை, ஈயக்குண்டு, கெண்டை, கெளுத்தின்னு எனக்குத் தெரிஞ்ச உருப்படியான தமிழ் வார்த்தைகள்ல பாதி தாமிரபரணிக் கரையில கிடைச்சதுதான்.

நான் பேச வந்தது, பிடிச்சு முடிச்சதுக்கு அப்புறம் கரையில எதை விட்டுட்டு வர்றோம்ங்கிறதைப் பத்தி.

போன சித்திரையில ஆத்துல தண்ணி நல்லா குறைஞ்சிருந்துச்சு. எங்க ஆச்சி வழக்கம்போல காலையில படித்துறைக்குப் போய்க் குளிச்சிட்டு வந்தாங்க. வீட்டு நடையில சொட்டுச் சொட்டா ரத்தம் இருக்கிறதை அம்மாதான் பார்த்தாங்க. ஆச்சிக்கு 15 வருஷமா சுகர், பாதத்துல உணர்ச்சி கம்மி. வலது பாதத்துல ஒரு தூண்டில் முள் முழுசா இறங்கியிருக்கு, பின்னாடி ஒரு முழம் தங்கூஸ் இழுபட்டு வருது. அவங்களுக்குத் தெரியவே இல்ல.

ஆஸ்பத்திரியில டாக்டர் முள்ளை வந்த வழியா இழுக்கல. நுனிக்குப் பக்கத்துல எதிர்ப்பக்கமா ஒரு சின்ன செதில் நீட்டிக்கிட்டு இருக்கும்ல, மீன் நழுவாம இருக்கச் செஞ்சது, அது சதையைக் கிழிச்சிடும். அதனால மரத்துப்போற ஊசி போட்டு, முள்ளை முன்னாடி தள்ளி, நுனியை வெளிய கொண்டுவந்து, அந்தச் செதிலை வெட்டி எடுத்துட்டு அப்புறம்தான் உருவினார். புண் ஆற 2 மாசத்துக்கு மேல ஆச்சு. சுகர் இருக்கிறவங்களுக்குக் கால்ல புண்ணுன்னா வீட்ல என்ன பயம் இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அந்த வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லல.

பஞ்சுல சுத்திக் கொடுத்த முள்ளை மாமா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "இது என் முள்ளு இல்லக்கா"ன்னு அம்மாகிட்ட சொன்னாரு. அவரை யாரும் கேட்கவே இல்ல.

ஆச்சிதான் கட்டில்ல இருந்தே சொன்னாங்க: "யாரு முள்ளா இருந்தா என்னல? கொண்டு வந்தவன் கொண்டு போவணும்."

விஷயம் அதோட முடிஞ்சுது. ஆனா இன்ஜினியரிங் படிக்கிற புத்தி, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோணுச்சு. 0.30 மில்லிமீட்டர் தங்கூஸ் ஒண்ணு சுமார் 5 கிலோ தாங்கும். அதாவது 49 நியூட்டன். குறுக்குவெட்டுப் பரப்பு 0.07 சதுர மில்லிமீட்டர். வகுத்தா கிட்டத்தட்ட 700 மெகாபாஸ்கல் வருது. நம்ம லேப்ல இழுத்து உடைக்கிற மைல்டு ஸ்டீல் கம்பி 400 சொச்சத்துலயே அறுந்துடும். இப்போ அந்தத் தங்கூஸ் ஒரு நீர்க்காகத்தோட கால்லயோ றெக்கையிலயோ சுத்தினா எப்படி இருக்கும்னு யோசிங்க. நைலானோட அடர்த்தி 1.14, அதனால அது மிதந்து கடலுக்கும் போயிடாது. பாறை இடுக்குல அடங்கிடும், லேசுல மக்காது, தண்ணிக்குள்ள கண்ணுக்கும் தெரியாது. எந்தக் குணத்துக்காகக் காசு கொடுத்து வாங்குறோமோ, அதே குணம்தான் தூக்கிப் போட்டதுக்கு அப்புறம் வினையா நிக்குது.

ஈயக்குண்டும் சாதாரணப்பட்டது இல்ல. பிரிட்டன்ல ஆத்து அன்னங்கள் கூட்டம் கூட்டமா செத்துச்சு. அன்னம் இரையை அரைக்கிறதுக்காகச் சின்னக் கல்லை முழுங்கும். அடியில கிடந்த ஈயக்குண்டையும் கல்லுன்னு முழுங்கி, விஷமேறிப் போச்சு. 1987-ல அங்க தூண்டில்ல பெரும்பாலான அளவு ஈயக்குண்டுகளைத் தடை பண்ணாங்க. அப்புறம் அன்னங்கள் எண்ணிக்கை மறுபடி ஏறுச்சு. எங்க ஊர்க் கடையில இன்னும் ஈயம்தான். அதைப் பல்லால கடிச்சு இறுக்குற ஆளுங்களையும் பார்த்திருக்கேன். அதையாவது இன்னைக்கே நிறுத்துங்க.

"நானா போட்டேன்? பாறையில மாட்டி அறுந்துபோச்சு, என்ன பண்ண?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. விட்டுப்போறதுல நிறைய அப்படி அறுந்ததுதான். ஆனா எங்க அறுக்கணும்னு நாம முடிவு பண்ணலாம். ஈயக்குண்டை மட்டும் மெல்லிசான நூல்ல தனியா கட்டினா, மாட்டும்போது அந்த நூல் மட்டும் அறுந்து முள்ளும் தங்கூஸும் கைக்கு வந்துடும். ஆச்சி விஷயத்துக்கு அப்புறம் மாமா இப்படித்தான் கட்டுறாரு. முள்ளோட செதிலையும் கொறடால நசுக்கிடுறாரு. சில மீன் நழுவுது. "போட்டும்"ங்கிறாரு. அவ்வளவுதான், வேற எதுவும் பேசல.

இன்னொண்ணு கவனிச்சேன். மூங்கில் கம்போட வர்ற வயசாளிங்க ஒரு சாண் தங்கூஸைக்கூட விடமாட்டாங்க, குச்சியில சுத்தி எடுத்துட்டுப் போவாங்க. ஒருத்தர்கிட்ட கேட்டேன். "காசு தம்பி"ன்னாரு. புது ராடு, ரீலோட வர்ற நம்ம வயசுப் பசங்கதான் சிக்கு விழுந்தா கொத்தா வெட்டி வீசுறாங்க. அந்தத் தாத்தாவுக்கு இதுல ஒழுக்கம் கிழுக்கம்னு ஒண்ணும் இல்ல, பொருளோட மதிப்பு தெரியும். நமக்கு விலை மலிவாயிடுச்சு. அதனால அவருக்குக் காசு செஞ்ச வேலையை, நமக்கு மனசாட்சிதான் செய்யணும்.

ஃபுளோரிடாவுல மீன் பிடிக்கிற இடங்கள்ல பிவிசி குழாய்ப் பெட்டி வச்சு, வேண்டாத தங்கூஸைச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்புறாங்க. அதைப் பார்த்து நானும் ரெண்டு நண்பர்களும் எங்க படித்துறையில 4 இஞ்ச் குழாய் ஒண்ணைக் கட்டினோம். பறவை மூக்கை விடாம இருக்க வாய்ப்பக்கம் எல்போ. முதல் வாரம் திறந்தா பீடித்துண்டும் பாக்குக் கவரும். "தங்கூஸ், முள் மட்டும்"னு பெயின்ட்ல எழுதினோம். ஒரு மாசம் கழிச்சுத் திறந்தப்போ ஒரு கைப்பிடி தங்கூஸ், 6 முள். கம்மிதான். ஆனா அந்த 6 முள்ளும் வெறுங்கால்ல ஆளுங்க இறங்குற படியில கிடந்திருக்க வேண்டியது.

நான் காலேஜுக்கு வந்துட்டா அந்தக் குழாயை யார் காலி பண்றதுன்னு இன்னும் முடிவாகல. இப்போதைக்கு மாமா பண்றாரு. எல்லா ஆத்துலயும் குழாய் கட்ட முடியாதுன்னு எனக்கும் தெரியும். அடுத்த தடவை தூண்டிலை எடுக்கும்போது மூடி இறுகுற பழைய டப்பா ஒண்ணையும் எடுத்துக்கோங்க. உங்களோடதோ அடுத்தவனோடதோ, கண்ணுல பட்ட முள்ளை அதுல போடுங்க. தங்கூஸை வீட்டுக்கு வந்து விரல் நீளத்துக்கு நறுக்கிட்டுக் குப்பையில போடுங்க, வளையமா போட்டா குப்பை மேட்டுல நாயும் காக்காவும் மாட்டிக்கும். ரெண்டு நிமிஷ வேலை.