ஐந்து வருஷம் தாண்டிய பிறகும்

லகாட், பேராக்

அன்புள்ள தங்கச்சி,

போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். 2009-இல் மார்பில் வந்த நோய் திரும்பியிருக்கிறது. இப்போது நுரையீரலில்.

இருமல் விடவே இல்லை. துணி காயப்போட்டு வந்தாலே மூச்சு வாங்கியது. கிளினிக்கில் காசநோயாக இருக்குமோ என்று முதலில் சளியைச் சோதித்தார்கள். நம் பக்கம் இன்னும் இருக்கிற நோய்தானே, பார்த்தது நல்லது. பழைய ஆபரேஷனைச் சொன்னதும் எக்ஸ்ரே எடுத்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் சின்னச் சின்னக் கட்டிகள். வலப்பக்கம் நீர் கோத்திருந்தது. அதை ஊசி வைத்து எடுத்த பிறகு மூச்சு இலேசாகியிருக்கிறது.

கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்ததில், இது மார்பில் இருந்த அதே நோய்தான் என்று தெரிந்தது. நுரையீரலில் இருந்தாலும் மார்புப் புற்றுநோய்க்கான வைத்தியம்தான். ஹார்மோனால் வளரும் வகையா என்பதையும் மறுபடி பார்த்தார்கள். பரவிய இடத்தில் அது மாறியிருக்கலாமாம். எனக்கு மாறவில்லை, ஹார்மோனால் வளரும் வகையேதான். ஹார்மோனை அடக்கும் ஊசியும் மாத்திரையும் தொடங்கப்போகிறார்கள். அடியோடு போகாது, அடக்கி வைக்கப் பார்க்கலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். அப்படிச் சொன்னதே எனக்குத் தெம்பாக இருந்தது.

ஐந்து வருஷம் தாண்டினால் பயமில்லை என்று நினைத்துத்தானே கோயிலில் பொங்கல் வைத்தோம்? இந்த வகை நோய்க்கு அந்தக் கணக்கு போதாது. 62,923 பெண்களின் விவரங்களை ஆராய்ந்து 2017-இல் ஒரு கட்டுரை வந்தது. ஐந்து வருஷம் மாத்திரை சாப்பிட்டு நோயில்லாமல் இருந்தவர்களுக்கும், இருபதாம் வருஷம் வரை அது திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆகவே சாப்பாடு, கண்ணேறு, வேலைக் களைப்பு என்று யாராவது காரணம் சொன்னால் காதில் வாங்காதே. யார் மேலும் குற்றமில்லை.

அம்மா மார்பில் கட்டியை வைத்துக்கொண்டே ரப்பர் பால் வெட்டப் போனாள். வெட்கத்தில் யாரிடமும் காட்டவில்லை. நம் வீட்டில் அந்த வெட்கம் அவளோடு போகட்டும். உனக்கு இதுவரை ஒன்றுமில்லை என்றாலும், அம்மாவுக்கும் எனக்கும் இருந்ததைச் சொல்லி மெமோகிராம் எடு. மகளிடமும் சொல்லி வை.

தைப்பூசத்துக்கு வா. அழுகை வந்தால் அழு, பரவாயில்லை. “ஒன்றும் ஆகாது” என்று மட்டும் சொல்லாதே. என்னவெல்லாம் ஆகலாம், பிள்ளைகளுக்கு என்ன செய்து வைக்கலாம் என்று உட்கார்ந்து பேச எனக்கு நீ வேண்டும்.

அன்புடன்,
அக்கா