82 டிகிரி: இது காய்ச்சலா, வெறும் வெயிலா?

ஓபியில ஒருத்தர் வந்து "டாக்டர், 99 காட்டுதுங்க, காய்ச்சல் தானுங்களே?"ன்னு கேட்டா உடனே மாத்திரை எழுத மாட்டேன். எப்ப பாத்தீங்க, வெயில்ல நடந்து வந்தீங்களா, வேற தொந்தரவு இருக்கான்னு கேப்பேன். போன வாரம் திருப்பூர்ல இருந்து அக்கா பையன் போன் பண்ணினப்பவும் இதே கேள்விகள்தான். அவன் சொன்ன எண் 82. உடம்புக்கு இல்ல, அவன் கேமிங் பிசிக்கு.

"மாமா, பிராசசர் வெந்துருமாட்ட இருக்குதுங்க. கடைல லிக்விட் கூலர் போடச் சொல்றாங்க, ரேமையும் 64 ஜிபி ஆக்கச் சொல்றாங்க."

அவங்கப்பா பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர். கடை போட்டுக் கொடுத்த கொட்டேஷன் அவரோட ஒரு மாச சம்பளத்துக்கு மேல. அதனாலதான் உக்காந்து முழுசா பாத்தேன்.

முதல்ல எண்ணைப் படிக்கணும். 98.6ங்கறது 1868ல ஜெர்மன் டாக்டர் வுண்டர்லிக் வெளியிட்ட சராசரி. அதைத் தாண்டினா நோய்னு அர்த்தம் இல்ல. நம்ம உடம்பு தன் சூட்டை 37 செல்சியஸ் பக்கத்துலயே பிடிச்சு வெக்கும். சிப்புக்கு அப்படி எதுவும் கிடையாது. அதுக்கு இருக்கறது மேல்வரம்பு மட்டும்தான். ரைசன் 5 5600க்கு 90 டிகிரி, ரைசன் 7 7800 எக்ஸ்3டிக்கு 89, ரைசன் 5 7600க்கு 95, இன்டெல் ஐ5 13600கே-வுக்கு 100. அந்த வரம்பைத் தொட்டா சிப் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். அதையும் மீறிப் போனா மெஷின் ஆஃப் ஆயிரும். ரைசன் 7000 வரிசை முழு லோடுல 95ல ஓடற மாதிரிதான் வடிவமைச்சிருக்கோம்னு ஏஎம்டியே சொல்லிருக்காங்க.

பையனோடது 5600. சித்திரை மதியம் 2 மணி, மொட்டை மாடி ரூம், உள்ள 36 டிகிரி. ஃபேன் ரூம் காத்தைத்தான் அடிக்குது. அந்தக் காத்தை விட சிப் குளிராது. ரூம் 15 டிகிரி கூடினா சிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவு கூடும். யூடியூப்ல வெளிநாட்டுக்காரர் 21 டிகிரி ரூம்ல 65 காட்டினா, நம்மூர்ல அதே மெஷின் 80. ரெண்டும் ஒரே ஆரோக்கியம்தான்.

கேம் ஓடறப்ப பிராசசர் 60ல இருந்து 80 சொச்சம், கிராஃபிக்ஸ் கார்டு 65ல இருந்து 80, அதோட ஹாட்ஸ்பாட் இன்னும் 10, 15 கூட. இதெல்லாம் சாதாரணம். கேமிங் லேப்டாப்ல 90 தாண்டறதும் பாக்கலாம்.

நான் பயப்படறது வேற விஷயத்துக்கு. அதே ரூம், அதே கேம், ரெண்டு மாசம் முன்னாடி 70 இருந்தது இப்ப 88னா அது நோய். சும்மா இருக்கறப்பவே 75, 80 காட்டினாலும், ஆடிட்டு இருக்கறப்ப பட்டுனு ஆஃப் ஆனாலும் அப்படித்தான். வார்டுல டெம்பரேச்சர் சார்ட் போடறது எதுக்கு? ஒத்தை எண் பொய் சொல்லும், கோடு சொல்லாது.

பிசியைத் திறக்கச் சொன்னேன். ஹீட்சிங்க் மேல பஞ்சு, மெத்தை மாதிரி. பனியன் ஊர்ல வேற என்ன இருக்கும்? பிளக்கைப் பிடுங்கிட்டு, ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுட்டு, பிரஷும் புளோயரும் வெச்சு சுத்தம் பண்ணி, கூலரைக் கழட்டிப் புது தெர்மல் பேஸ்ட் வெச்சான். அடுத்த நாள் அதே மதியம் 74. லிக்விட் கூலர் தேவைப்படல.

அடுத்தது ரேம். 16 ஜிபி இருந்தது, ஆனா ஒரே குச்சி. ஒரு மூக்கு அடைச்சவன் ஓடற கதைதான். அளவு போதும், வழி பத்தாது. ரெண்டு குச்சியை சரியான ஸ்லாட்ல போட்டா (நாலு ஸ்லாட் போர்டுல பொதுவா பிராசசர்ல இருந்து ரெண்டாவதும் நாலாவதும்) பாதை ரெட்டிப்பாகும். கேம்ல வர்ற திக்கல் குறையும். இன்னொண்ணு, பாக்கெட்ல 3200னு போட்டிருந்தாலும் ஓடிட்டிருந்தது 2400ல. பயாஸ்ல எக்ஸ்எம்பி ஆன் பண்ணா சரியாப் போச்சு. காசே இல்லாத வைத்தியம்.

டிடிஆர்5க்கு மாறணுமா? 3200 சிஎல்16, 6000 சிஎல்30, ரெண்டோட தாமதமும் 10 நானோசெகண்ட்தான். டிடிஆர்5ல பாதை அகலம், உண்மை. ஆனா அது பழைய போர்டுல ஏறாது; போர்டு, பிராசசர் எல்லாம் மாத்தணும். புதுசா பிசி கட்டறவங்க டிடிஆர்5 வாங்குங்க. பழசு வெச்சிருக்கறவங்க அதுக்காக மாற வேண்டாம்.

அளவுன்னா, இன்னைக்குப் பெரும்பாலான கேமுக்கு 16 ஓடும், புது கனமான கேமோட குரோமும் டிஸ்கார்டும் திறந்து வெச்சா 32 வசதி. கேமுக்காக மட்டும் 64 எதுக்குன்னு எனக்குப் புரியல. அதுவும் இந்த விலைல! ஏஐ டேட்டா சென்டருக்கு மெமரி போறதால 2025 கடைசில இருந்து விலை ஏறுது. கடைகள்ல நாம வாங்கற குரூஷியல் பிராண்டையே நிறுத்தறோம்னு மைக்ரான் 2025 டிசம்பர்ல அறிவிச்சுட்டாங்க.

பையனுக்கு நான் சொன்னது: அதே வேகத்துல இன்னொரு 16 குச்சி. பழசா கிடைச்சாலும் வாங்கு, ஆனா மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி ஓட்டிப் பாத்துட்டுக் காசு கொடு.

சோமனூர், பல்லடம்னு தறி ஓடற ஊர்க்காரங்க மாசம் ஒருக்கா கேஸ் ஃபில்டரைக் கழட்டித் தட்டிருங்க. கமெண்ட்ல டிகிரி போடறவங்க எந்த சிப், ரூம் சூடு எவ்வளவுன்னும் சேத்துப் போடுங்க. நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து பாக்கறேன்.