யானை குடியேறிய மலை

மேனாட்டு நகரங்கள் தமக்கெனக் கேடயச் சின்னம் வகுத்துக்கொண்டு அதனைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவருவன. பெர்லின் நகரத்துக் கரடி 1280-ஆம் ஆண்டின் முத்திரையொன்றிலேயே இடம்பெற்றுவிட்டது. புலியும் கயலும் வில்லும் பொறித்து அரசாண்ட நாட்டவராகிய நமக்கு இது விந்தையன்று. ஆனால், நீலகிரியில் படகர் வாழும் ஜெகதளாவைப் போன்ற மலையூருக்குக் கேடயம் ஏது என்று கேட்போர், தேயிலைச் சரிவுகளைக் கடந்து அண்டையிலுள்ள வெல்லிங்டன்வரை வந்தால் போதும். பேருந்துக்குக் காத்து நிற்கும் மதராஸ் ரெஜிமெண்ட் வீரனின் தொப்பியிலேயே அதனைக் காணலாம்: ஒரு கேடயம், குறுக்கிட்டு மேல்நோக்கிய இரு வாட்கள், நடுநாயகமாக ஒரு யானை.

அந்த யானை இம்மலைக்காடுகளில் பிறந்ததன்று. 1803-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், இன்றைய மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த அசாயே என்னும் சிற்றூரருகே, மராட்டிய அரசர்களான சிந்தியாவும் போன்ஸ்லேயும் திரட்டிய பெருஞ்சேனையை ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி சிறு படையொன்றைக் கொண்டு தாக்கியபோது, பீரங்கிகளுக்கு நேரே நடந்து சென்ற மதராஸ் காலாட்படைப் பட்டாளங்களுக்கு, அவ்வெற்றியின் ஞாபகமாகக் கிழக்கிந்தியக் கம்பெனியார் வழங்கிய விருது அது. அதே வெல்லெஸ்லிதான் பின்னர் வெல்லிங்டன் பிரபுவாகி, 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வீழ்த்தியவர். ஆயினும் தம் போர்களுள் சிறந்தது எதுவென்று கேட்டபோது அசாயேயைத்தான் குறிப்பிட்டாராம். ஜெகதளாவின் பெயராலேயே வழங்கிவந்த படைவீடுகளுக்கு, 1860-இல், மதராஸ் கவர்னர் டிரெவெலியன் அப்பிரபுவின் பெயரைச் சூட்டினார். பிற்காலத்தில் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையமும் இங்கேயே அமைந்தது. இவ்வாறு, ஒரே யுத்தத்தின் சேனாபதி பெயராகவும், அவருடைய சிப்பாய்கள் யானையாகவும், ஒரே சரிவில் வந்து குடியேறினர்.

பாரத மக்களையே பாரத மக்கள் கொன்ற அப்போரின் பலன் கம்பெனிக்கே சென்றது என்பதை நினைக்கையில் நெஞ்சம் கனக்கத்தான் செய்கிறது. எனினும் சுதந்திர நாட்டின் சேனை அவ்யானையை விலக்கவில்லை; தன் தர்மத்திற்காக உயிர்விடுதலே மேன்மை என்னும் கீதையின் கருத்தைக் குறிக்கோளாக்கி அதனோடு இணைத்துக்கொண்டது. ஓர் ஊரின் பெயரை மாற்ற ஓர் ஆணை போதும். ஒரு சின்னத்தின் பொருளை மாற்றுவதற்கோ, அதனை அணிவோர் வேறொரு காரியத்திற்காக வாழ்ந்தும் மாய்ந்தும் காட்டவேண்டும்.